சீரகத் தண்ணீர்

“தண்ணி தண்ணின்னு அனத்துவாக திலகா. பாவம் பாத்து ஊத்திராத. நாக்கு நனைய ரெண்டு ஸ்பூன், அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு, மூன்று நாளாகக் கசங்கிய சேலையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் கிடந்த மதினி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போய்விட்டாள். போக அரை மணி, வர அரை மணி, நடுவில் குளிக்க, சோறு வடிக்க, விசாரிக்க வரும் அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல. எப்படிப் பார்த்தாலும் நாலு மணிக்கு முன்னால் வரமாட்டாள். அதுவரை அண்ணனோடு திலகவதி மட்டும்தான். அண்ணன் மருதப்பன் மல்லாந்து கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, உதடு இரண்டும் வெடித்திருந்தன. தலைமாட்டில் சின்ன இரும்பு அலமாரி, அதன்மேல் எவர்சில்வர் டம்ளர், டம்ளரை மூடி ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு ஸ்பூன். திலகவதி அந்த டம்ளரைப் பார்க்காமல் இருப்பதற்காக ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ அலசிப் போட்ட துணி சொட்டிக்கொண்டிருந்தது. கதவுப் பக்கம் திரும்பினாள். கதவோரத்தில் தண்ணீர் கேன், அதன் குழாயை யாரும் சரியாக மூடவில்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவரின் தலைமாட்டில் ஒரு பாட்டில். எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் என்றாலும் போதும் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மந்திரித்த தண்ணீர் வேண்டாம், வேளாங்கண்ணித் தீர்த்தம் வேண்டாம், சாமியாரும் வேண்டாம். சாகக் கிடக்கிறவருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நெற்றியில் ஊற்றி ஒரு வரி சொன்னால் முடிந்தது. அரை நிமிஷ வேலை. ஏற்கெனவே ஒரு தடவை செய்தவள் அவள், செய்துவிட்டு முப்பத்து மூன்று வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருப்பவள்.

காலையில் டாக்டர் மதினியையும் அவளையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ரெண்டு கிட்னியும் போச்சும்மா, இனி மெஷினில் போட்டாலும் உடம்பு தாங்காது, இன்னைக்கோ நாளைக்கோ, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க என்றார். மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். திலகவதிக்கு அழுகை வரவில்லை. அவள் மனசில் முதலில் வந்து நின்றது, அவசர ஞானஸ்நானத்துக்கான ‘ஆபத்து நேரம்’ என்ற சொல். கூடப் பிறந்தவன் போகப்போகிறான் என்று கேட்டதும் ஒரு தங்கச்சிக்கு முதலில் வரவேண்டிய சொல்லா அது? தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தும் அந்தச் சொல் போகவில்லை. இப்போது இந்த நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் குளிருகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும், பங்குனி வெயிலில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. தவக்கால வெள்ளிக்கிழமை, அவளுக்கு ஒருசந்தி. மற்றவர்கள் ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாட்டை விடுவார்கள், அவள் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிடமாட்டாள். ஆண்டவர் சிலுவையில் உயிர் விட்டது மூன்று மணிக்கு, அதற்கு முன்னால் அவர் தாகமாயிருக்கிறேன் என்று சொன்னார், அந்தத் தாகத்தில் தனக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஞானஸ்நானம் வாங்கிய முதல் வருஷம் தானாக எடுத்துக்கொண்ட விரதம். யாரும் கேட்கவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுகூட விடவில்லை. “பொறந்ததுலருந்து நான் கிறிஸ்தவன், இன்னும் ஊரைவிட்டே கிளம்பல. நீ அதுக்குள்ள எருசலேமுக்குப் போய்ட்டு வந்துட்டியே” என்று அவள் புருஷன் இன்னாசிமுத்து கேலி செய்வார். லேத் பட்டறை வைத்திருந்த மனுஷன், பிரசங்கம் தொடங்கினால் தூங்கி, விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து நிற்பார், நேரம் தவறாது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்படித் தூங்குவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். பிறந்த வீட்டில்தான் அப்படித் தூங்க முடியும். வந்து சேர்ந்தவள் முழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இன்றைக்கும் பங்குக் கோயிலில் யாராவது, அவளுடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி, “பிலோமினம்மா, நீங்க அந்தப் பக்கத்துலருந்து வந்தவுகதானே?” என்று கேட்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்பார்கள். நாற்பத்தொரு வருஷம் ஆகியும் வந்தவள்தான். எப்போதுதான் வந்து சேர்வது?

வந்தது கல்யாணத்துக்காகத்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில் உபதேசியார் சந்தியாகு மூன்று மாதம் மந்திரம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நாசியிலும் மூக்குப்பொடி, ஒரு கேள்விக்கு ஒரு தும்மல். கல்யாணம் நடந்தால் சரி என்றுதான் அவள் உட்கார்ந்தாள். ஆனால் ஞானஸ்நானத்தன்று தலையைக் குனிந்தபோது பிடரியில் இறங்கிய தண்ணீர் அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்துவிட்டது. யாரோ அவளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அதை இன்னாசிமுத்துவிடம் சொன்னாள், அவர் தலை துவட்டினியா, சளி பிடிக்கப்போகுது என்றார். அதற்கப்புறம்தான் அந்த வேகம். தினப்பூசை, முழந்தாள், வியாகுல மாதா நவநாள், யார் வீட்டில் சாவு என்றாலும் இவள்தான் ஜெபமாலை முன்னால் சொல்வது. அந்த வேகத்தில்தான் அம்மாவுக்கும் நடந்தது. ஆபத்து நேரத்துக்கு உபதேசியார் சொன்ன விதிகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. சுத்தமான தண்ணீராக இருக்கணும். தலையில் ஓடணும், சும்மா தொட்டு வைத்தால் ஆகாது. ஊற்றும்போதே வார்த்தை சொல்லணும், முன்னும் கூடாது பின்னும் கூடாது. இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நாலாவதாகவும் ஒன்று சொன்னார். அவர் சொல்லும்போது தும்மினாரோ, வெளியே மணி அடித்ததோ. அதை அவள் நினைக்கிற இடத்துக்குப் போகும்போதெல்லாம் மனசு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். இப்போதும் திரும்பிக்கொண்டது. அண்ணனின் கால் போர்வைக்கு வெளியே கிடந்தது, வீங்கி, பளபளவென்று. போர்வையை இழுத்து மூடினாள். மூடுவதற்காகக் கையை வெளியே எடுத்தவள், மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா வள்ளிமயில் அண்ணன் வீட்டில்தான் விழுந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சு போய், இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், இதே மாதிரி வெயில். அண்ணன் டாக்டரைக் கூட்டிவர சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மதினி அடுப்படியில். அம்மாவின் மூச்சு நின்று நின்று வந்தது. அப்போதும் ‘ஆபத்து நேரம்’ என்றுதான் தோன்றியது. அம்மா நரகத்துக்குப் போய்விடுவாளோ என்ற பயம், அவ்வளவு நல்லவளா அங்கே போவது என்ற கோபம், கோபப்பட்டதற்காக இன்னொரு பயம். தலைமாட்டில் ஒரு டம்ளர் இருந்தது. எடுத்தாள், ஊற்றினாள். அன்னம்மாள், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். பெயரும் அந்த நிமிஷம் வாயில் வந்ததுதான். கண்ணைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் மஞ்சளாக அம்மாவின் காதோரம் வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. புருவத்தில் இரண்டு சீரகம் ஒட்டியிருந்தன. அந்த வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் மதினி சீரகம் போட்டுக் காய்ச்சி வைப்பாள், அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, மருந்துத் தண்ணி என்று முகத்தைத் திருப்புவாள். இரண்டு சீரகத்தையும் நகத்தால் எடுத்துத் தன் சேலையில் தேய்த்துக்கொண்டாள். அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா போய்விட்டாள். மறுநாள் அண்ணன் வாசலிலிருந்து கொள்ளிச்சட்டி ஏந்தி நடந்தார். கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த திலகவதிக்கு ஒன்றுதான் ஓடியது. சீரகத் தண்ணீர் சுத்தமான தண்ணீரா?

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அவள் அதிலேயே முப்பத்து மூன்று வருஷம் மாட்டிக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது யோசிப்பாள். சீரகம் போட்டாலும் தண்ணீர் தண்ணீர்தானே, காப்பித்தூள் போட்டால்தான் அது காப்பி, இதைச் சீரகத் தண்ணீர் என்றுதானே சொல்கிறோம், பெயரிலேயே தண்ணீர் இருக்கிறதே என்று ஒரு நாள் சமாதானம் வரும். மறுநாள், அப்படியானால் ரசத்தில்கூடத்தான் தண்ணீர் இருக்கிறது என்று அது உடைந்துபோகும். பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியாரிடம் ஒருதடவை, “சும்மா கேக்குறேன் சாமி, சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணியில ஒருத்தருக்கு ஞானஸ்நானம் குடுத்தா செல்லுமா?” என்று கேட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யாரும்மா அது, ஜீரணம் ஆகாத கிறிஸ்தவரு?” என்றார். அவளும் சிரித்துவைத்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை முழந்தாளிட்டிருக்கிறாள். தட்டியின் பின்னால் சாமியாரின் காது தெரியும். வாய் திறந்தால் வருவது மருமகளைத் திட்டியது, பூசையில் பராக்குப் பார்த்தது. செய்தது புண்ணியம் என்றால் ஏன் ஒளிக்கிறாள், பாவம் என்றால் ஏன் சொல்லவில்லை? நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அம்மாவுக்குக் கல்லறை ஏது, காவிரியில் கரைத்தாயிற்று. பொதுச் சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துவாள். மரித்த ஆத்துமாக்கள் பட்டியலில் அன்னம்மாள் என்று எழுதிக்கொடுப்பாள். யாரு அன்னம்மா என்று கேட்டால் மாமியார் வழியில் ஒரு சொந்தம் என்பாள். செத்தவர்களுக்காக வேண்டுகிற நாளில் வருஷம் தவறாமல் ஒரு பொய். இளம் சாமியார் பிரசங்கத்தில், ஆண்டவருடைய வீட்டுக்கு எத்தனையோ வாசல், நாம் காவலுக்கு நிற்க வேண்டியதில்லை என்று சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குக் கீழே, அவள் முதலில் கால் வைத்த ஓட்டுக் கொட்டகை இன்னும் இருக்கிறது. ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் இல்லை என்று பொடி மணக்க ஒரு குரல் அங்கே சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் தடவை நல்ல தண்ணீர். அந்த நினைப்பு வந்ததும் தட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள், எந்த வாசமும் இல்லை. அம்மாவுக்குத் தப்பாகப் போனதை அண்ணனுக்குச் சரியாகச் செய்துவிடலாம். அறையில் முழித்திருப்பது அவள் ஒருத்திதான். அண்ணனுக்குத் தெரியப்போவதில்லை. மதினிக்குத் தெரியப்போவதில்லை. நாளைக்கோ மறுநாளோ சங்கு ஊதி அவர்கள் முறைப்படி எடுத்துப்போவார்கள், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மட்டும் ஒரு நிம்மதி. நிம்மதியா? இன்னொரு பெயரை எழுதிக்கொடுத்து இன்னொரு பொய் சொல்லணுமே. இருந்தாலும் மோட்சத்தில் ஒரு முகமாவது தெரிந்த முகமாக இருக்க வேண்டாமா, நல்லது கெட்டதுக்குத் தாய்வீட்டு ஆள் என்று ஒருத்தர் வேண்டாமா என்று நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. காலையிலிருந்து வராத அழுகை. டம்ளர் கையில் இருந்தது, எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. என்ன பெயர் வைப்பது? சூசை. நல்ல மரணத்துக்குப் பாதுகாவலரான புனிதர்.

“திலகா.”

டம்ளர் அலமாரியில் இடித்து ஓசை எழுப்பியது. அண்ணன் கண் திறந்திருந்தார். இரண்டு நாளாகக் கலங்கிக் கிடந்த கண், இப்போது தெளிவாக அவளைப் பார்த்தது.

“முழிச்சுட்டியாண்ணே. தண்ணி வேணுமா?”

“வேணும். மொதல்ல ஒண்ணு கேக்கணும்.” மூச்சு வாங்கினார். “அன்னைக்கு அம்மா தலையில ஊத்துனியே. அது பலிச்சுச்சா?”

எது என்று கேட்கலாம், எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லலாம், பொய் சொல்லிப் பழகிய நாக்குதான். அது அசையவில்லை.

“நெலைப்படியில நின்னேன்” என்றார் அவர். “டாக்டர் இல்லைன்னு சொல்ல வந்தேன். நீ கண்ணை மூடிக்கிட்டு ஏதோ சொல்லிச் சொல்லி ஊத்துன. மருந்தோன்னு நெனச்சுத் திரும்பிட்டேன். குளிப்பாட்டுறப்ப காதுக்குப் பின்னால ஒரு சீரகம் ஒட்டியிருந்துச்சு. நான்தான் தொடச்சேன். எங்க ஆபீஸ்ல ஆரோக்கியசாமின்னு ஒருத்தரு. அவர்கிட்டச் சும்மா கேக்குற மாதிரி கேட்டேன். அது ஞானஸ்நானம்னு சொன்னாரு.”

சும்மா கேட்கிற மாதிரி. அவளும் அப்படித்தானே கேட்டாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் போய், ஒரே சீரகத்தைப் பற்றிச் சும்மா கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள்.

“வருசா வருசம் அமாவாசைக்கு எள்ளுந் தண்ணியும் விடுவேன். விடுறப்பல்லாம் இதே நெனப்புதான். அம்மா இங்கிட்டு வந்து வாங்கிக்கிருதா, இல்ல உங்க பக்கம் போயிருச்சா. ஐயர் மந்திரம் சொல்லுவாரு, எனக்கு மனசு நிக்காது. உன் மதினி செம்பகத்துகிட்டகூடச் சொல்லல. உன்னையத் திட்டுவாளேன்னு.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமேண்ணே.”

“கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம்.”

அவள் கணக்கில் இதுவரை மூன்று பேர்தான் இருந்தார்கள், ஆண்டவர், அம்மா, அவள். நிலைப்படியில் நாலாவதாக ஒருத்தர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அவள் நவம்பரில் மெழுகுவர்த்தி கொளுத்தியபோதெல்லாம் இவர் ஆற்றங்கரையில் கையில் எள்ளை வைத்துக்கொண்டு, அம்மா வருவாளா மாட்டாளா என்று நின்றிருக்கிறார். சீரகம், சுத்தம், ஓடியதா, தொட்டதா. இத்தனை வருஷம் எதை அவள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அது ஒன்றுமே இல்லை. சீரகத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் பிடித்துக்கொண்டாள். உபதேசியார் அன்று தும்மவும் இல்லை, மணி அடிக்கவும் இல்லை. நாலாவது விதியைத் தெளிவாகத்தான் சொன்னார்.

“தெரியலண்ணே” என்றாள். “செல்லுமா செல்லாதான்னு எனக்கும் தெரியல. ஆனா புத்தி தெரிஞ்சவுகளுக்குன்னா அவுக கேக்கணும், இல்ல நாம கேக்கணும்னு சொல்லிக்குடுத்தாக. அம்மா கேக்கல. நானும் கேக்கல. கண்ணு முழிச்சிருந்தப்பக் கேட்டா வேணாம்னு சொல்லும்னு தெரியும். அதான் கேக்கல.”

சொல்லி முடித்தபோது, பாவசங்கீர்த்தனத் தட்டியில் முப்பத்து மூன்று வருஷமாகச் சொல்லாததை இங்கே, மருந்து நாற்றத்துக்கு நடுவில், ஞானஸ்நானம் வாங்காத ஒரு காதில் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று தெரியவில்லை. உதட்டோரம் ஏதோ அசைந்தது.

“சீரகத் தண்ணின்னா அதுக்கு ஆகவே ஆகாது. முழிச்சிருந்தா உன் மூஞ்சிலயே துப்பியிருக்கும்” என்றார். பிறகு, “எனக்கு ஊத்தப் பாத்தியா?”

“ஆமா.”

“கேக்கலையே.”

அவள் வாய் உலர்ந்திருந்தது. “உனக்கு வேணுமாண்ணே?”

“வேணாந் தங்கச்சி. உன் சாமிமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எனக்கு வேணாம். கண்ணை மூடுன பெறகும் வேணாம்.” கையைத் தேடிப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. “சொல்லு.”

மாட்டேன் என்ற ஒரு சொல்தான் அவர் கேட்டது. அதைச் சொல்வது அவளுக்கு வெள்ளத்தில் போகிறவன் கையைத் தெரிந்தே விடுவது போல இருந்தது. ஆண்டவரே, நான் விட்டால் நீர் பிடிப்பீரா? பதில் இல்லை. எப்போதும்தான் பதில் இல்லை, பிடரியில் தண்ணீர் இறங்கிய அந்த ஒரு நாளைத் தவிர. அன்றைக்கு அவளைக் கூப்பிட்டவர் அவள் தலையைக் குனியும் வரை காத்திருந்தார். மூன்று மாதம், பொடித் தும்மலோடு, காத்திருந்தார். குனிய மாட்டேன் என்றிருந்தால்?

“மாட்டேண்ணே” என்றாள்.

“தண்ணி குடு.”

ஸ்பூனில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். அண்ணன் ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கினார். தூக்கி, உள்ளங்கையால் தன் நெற்றியைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் வாயைத் திறந்தார். நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஸ்பூனை வாயில் ஊற்றினாள். ஜெபம் இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாருக்கும் கொடுத்தறியாத அவள் உதடு தானாக அசையத் தொடங்கியது. பல்லால் கடித்து நிறுத்தினாள். இரண்டாவது ஸ்பூனை விழுங்கினார், கை இறங்கவில்லை. மதினி சொன்ன அளவு முடிந்தது. இன்னும் என்று வாய் கேட்டது, மூன்றாவதும் கொடுத்தாள். அதை விழுங்கும்போது கை சரிந்து தலையணையில் விழுந்தது. கண் மூடியது. மூச்சு நின்று, பிறகு வந்தது. நின்று, வந்தது. அம்மாவின் மூச்சு மாதிரியே.

நெற்றி இப்போது திறந்து கிடந்தது. வேர்த்திருந்தது, பழைய திருநீற்றின் தடம் மடிப்புகளில் மட்டும் மிச்சமிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இன்னும் தூக்கம். அவள் கையில் டம்ளர், டம்ளரில் கால்வாசித் தண்ணீர், சுத்தமான தண்ணீர். வார்த்தைகள் முழுதாக, ஒரு எழுத்து பிசகாமல், நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒரு தடவை மூச்சு நின்றது, நின்றது, வரவில்லையோ என்று அவள் பாதி எழுந்துவிட்டாள். அப்புறம் வந்தது. அவள் உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வாயில் வைத்து, ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் குடித்தாள். வெறும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஆக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.